அடைக்கலத்துக்கு என்ன விலை?

வயிற்றில் பிள்ளையோடு தெருவுக்கு வந்த பெண்ணிடம் நம் சமூகம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை. "யார் காரணம்?" என்று கேட்கிறது. அதற்கடுத்து, "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாத பெண்களுக்குப் படுக்க இடம் கொடுத்தவர்கள் வரலாற்றில் குறைவு. அப்படிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடவுளின் பேரால் கதவைத் திறந்தார்கள். அந்தக் கதவால் உயிர் பிழைத்த தாய்களும் குழந்தைகளும் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சமூகப்பணியில் இருக்கும் நாங்கள் அந்த வரலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்ளே வந்த பெண்ணிடம் அந்தக் கதவு என்ன விலை வாங்கியது?

புனேயிலிருந்து தொடங்குவோம். 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் அக்ரகாரத்துக்குள் நுழையவில்லை. பத்து வயதில் தாலியறுத்த பார்ப்பனச் சிறுமி, தலை மழிக்கப்பட்டு, ஒருவேளைச் சோற்றுக்கு வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டு மூலையில் கிடந்தாள். அவளைக் கெடுத்தவன் பெரும்பாலும் அதே வீட்டில், அதே உறவில் இருந்தான். கர்ப்பம் தெரிந்தால் அவளுக்கு முன் இருந்தவை மூன்று: கிணறு, கருக்கலைக்கும் நஞ்சு மருந்து, இல்லாவிட்டால் பிறந்த குழந்தையின் கழுத்து.

ஜோதிராவ் புலே 1884இல் அரசுக்கு எழுதிய குறிப்பில் இப்படி ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பார்ப்பன நண்பர் ஒருவரின் வீட்டில் சமையல் வேலை செய்த காசிபாய் என்ற இளம் விதவையை ஒரு சாஸ்திரி கர்ப்பமாக்கிக் கைவிட்டான். கலைக்க முயன்றும் முடியாமல் பெற்றெடுத்த அவள், குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டாள். நீதிமன்றம் அவளை ஆயுள் தண்டனையாக அந்தமானுக்கு அனுப்பியது. சாஸ்திரிக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஜோதிராவும் சாவித்திரிபாயும் தங்கள் வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தை 1863இல் தொடங்கினார்கள். பார்ப்பனர் வாழும் தெருக்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். ரகசியமாக வந்து பிரசவிக்கலாம், குழந்தையை எடுத்துப் போகலாம், விட்டும் போகலாம் என்பதுதான் அதன் சாரம். வந்தவளிடம் யார் காரணம் என்று கேட்கவில்லை. பிராயச்சித்தம் செய் என்று சொல்லவில்லை. பேறுகாலத்தில் சாவித்திரிபாயே உடனிருந்து கவனித்தார்.

அதே 1884 குறிப்பில் புலே ஒரு கணக்கைத் தருகிறார். இல்லம் தொடங்கியதிலிருந்து அதுவரை 35 கர்ப்பிணி விதவைகள் அங்கே வந்து பெற்றிருக்கிறார்கள். பிறந்த குழந்தைகளில் 5 பேர் உயிரோடு இருக்கிறார்கள். 30 பேர் இறந்துவிட்டார்கள். கர்ப்பத்தை மறைக்கத் தாய்மார்கள் குடித்த நஞ்சு மருந்துகள் கருவிலேயே குழந்தைகளைச் சிதைத்துவிட்டன என்பது அவர் சொல்லும் காரணம். இந்த எண்களை அவர் மறைக்கவில்லை. தன் இல்லத்தின் பெருமையைப் பாடவில்லை. குழந்தைகளின் சாவுக்கான பழியைத் தாய்மேல் போடாமல், அவளை நஞ்சு குடிக்க வைத்த சாதி ஒழுக்கத்தின் மேல் போட்டார்.

1874இல் இன்னொரு பார்ப்பன விதவை பெற்ற மகனைப் புலே தம்பதியர் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டார்கள். அவர் மருத்துவரானார். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது அவர் நடத்திய சிகிச்சை முகாமுக்கு, நோயுற்ற ஒரு தலித் சிறுவனைச் சாவித்திரிபாய் தோளில் தூக்கிச் சென்றார். அந்த நோய் தொற்றித்தான் மார்ச் 10ஆம் தேதி அவர் இறந்தார். ஊர் 'பாவத்தின் விளைச்சல்' என்று கிணற்றில் வீசியிருக்கக்கூடிய ஒரு குழந்தை, வளர்ந்து தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு மருத்துவம் பார்த்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய தலைகீழ் ஒன்று உண்டு. சூத்திரர் என்று இழிவு செய்யப்பட்ட ஒரு தம்பதியர், தங்களை இழிவு செய்த சாதியின் பெண்களுக்குத் தங்கள் வீட்டைத் திறந்தார்கள். எங்கள் சாதிப் பெண்களை முதலில் பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பார்ப்பனியத்தை அவர்கள் அளவுக்கு எதிர்த்தவர்கள் இல்லை. ஆனாலும் பார்ப்பன விதவையின் கண்ணீரில் அவர்கள் சாதி பார்க்கவில்லை.

புலேக்குப் பின் பிறரும் வந்தார்கள். பிரார்த்தனை சமாஜத்தினர் 1875இல் பண்டரிபுரத்தில் இதே நோக்கத்தோடு ஓர் இல்லம் தொடங்கினார்கள். ஆனால் இந்த வரலாற்றில் தனியே பேசப்பட வேண்டியவர் பண்டித ரமாபாய். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, சாதி மீறி மணந்து, 24 வயதுக்குள் கைக்குழந்தையோடு விதவையானவர். 1883இல் இங்கிலாந்து சென்றார். அங்கே ஆங்கிலிக்கன் கன்னியர், 'கெட்டுப் போனவர்கள்' என்று ஊர் ஒதுக்கிய பெண்களோடு லண்டன் ஃபுல்ஹாமில் வேலை செய்வதைப் பார்த்தார். தன்னைக் கிறிஸ்தவத்தின் பக்கம் திருப்பியவற்றில் அந்தக் காட்சியும் ஒன்று என்று பின்னாளில் எழுதினார். தான் படித்த சாஸ்திரங்களில் அத்தகைய பெண்ணுக்கு இரக்கத்தின் இடமே இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதே ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றார். அவரைப் பார்ப்பனர்களும் சீர்திருத்தவாதிகளும் தூற்றியபோது, 1885இல் 'சத்சார்' இதழில் அவருக்கு ஆதரவாக எழுதியவர் ஜோதிராவ் புலே.

1889இல் பம்பாயில் ரமாபாய் சாரதா சதனைத் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேக்கு மாற்றினார். அது முதலில் உயர்சாதி விதவைகளுக்கான இல்லம். அவரவர் சாதி ஆசாரத்தை அவரவர் கடைப்பிடிக்க அங்கே இடம் இருந்தது. மதமாற்றம் இருக்காது என்ற உறுதியின் பேரில்தான் ரானடே, பண்டார்க்கர் போன்றவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். சில பெண்கள் ரமாபாயின் பிரார்த்தனையில் உட்காரத் தொடங்கியதும் புயல் வெடித்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. 1893இல் ஆலோசகர்கள் விலகினார்கள். பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப இழுத்துச் சென்றன. அந்தப் பெண்களை மூலையில் போட்டிருந்தவர்களுக்கு, அவர்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்பதில் மட்டும் திடீர் அக்கறை வந்துவிட்டது.

சாரதா சதனின் சாதிச் சுவரை உடைத்தது கொள்கையல்ல, பஞ்சம். 1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது ரமாபாய் நேரில் போய்ச் சிறுமிகளையும் பெண்களையும் அழைத்து வந்தார். அவர்களில் எல்லாச் சாதியினரும் இருந்தார்கள். கேட்காவ்ன் என்ற ஊரில் முக்தி இல்லம் எழுந்தது. அதற்குள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிக் கைவிடப்பட்ட பெண்களுக்கென்றே கிருபா சதன் என்ற தனிப் பகுதியும் வந்தது. நெசவு, அச்சு, தையல், விவசாயம் என்று வேலை கற்றுக்கொடுத்தார்கள். இம்முறை அது வெளிப்படையாகக் கிறிஸ்தவ இல்லம். இங்கே நாம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பசியால் சாக இருந்த ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுமிக்கு எந்த மடமும் திறக்காத கதவை ரமாபாய் திறந்தார். அதே நேரத்தில், போக வேறு இடமே இல்லாத ஒருத்தி அந்தக் கூரையின் கீழ் ஏற்றுக்கொண்ட மதத்தில் அவளுடைய விருப்பம் எவ்வளவு என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

மதத்தின் கருணையோடு அரசின் பணமும் ஊரின் மானமும் கைகோத்தால் அடைக்கலம் என்னவாக மாறும்? அதற்கு ஆவணங்களோடு கூடிய சான்று அயர்லாந்தில் இருக்கிறது. அங்கே திருமணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் குடும்பமும் பாதிரியாரும் சேர்ந்து 'தாய் சேய் இல்லங்களுக்கு' அனுப்பினார்கள். அவற்றில் பலவற்றைக் கத்தோலிக்கக் கன்னியர் சபைகள் நடத்தின. உள்ளாட்சி அமைப்புகள் பணம் கொடுத்தன. அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2021 ஜனவரியில் அறிக்கை தந்தது. 1922 முதல் 1998 வரை 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 56,000 பெண்களும் 57,000 குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள். சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கார்க் நகரத்துப் பெஸ்பரோ இல்லத்தில் 1943இல் பிறந்த, சேர்க்கப்பட்ட குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் பிழைக்கவில்லை.

கால்வே மாவட்டத்தின் டூவம் ஊரில் 1925 முதல் 1961 வரை இயங்கிய இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை, கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். இறப்புக்குப் பதிவு இருந்தது, புதைத்த இடத்துக்குப் பதிவு இல்லை. 2017இல் அந்த வளாகத்தின் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை ஆணையம் உறுதி செய்தது. அவற்றைத் தோண்டியெடுத்து அடையாளம் காணும் பணி 2025இல்தான் தொடங்கியது. அந்த இல்லம் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தது. சம்பளமில்லாமல் அவளிடம் வேலை வாங்கியது. அவள் வெட்கத்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கவைத்தது. அந்தப் பெண்களைக் கர்ப்பமாக்கிய ஆண்களோ எந்த இல்லத்திலும் அடைக்கப்படவில்லை.

அந்த நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் முதன்மைப் பொறுப்பு குழந்தைகளின் தந்தையர் மீதும் பெண்களின் குடும்பங்கள் மீதும்தான் என்று ஆணையம் எழுதியதை, உயிர் பிழைத்த பெண்கள் ஏற்கவில்லை. திருச்சபையும் அரசும் கட்டி எழுப்பிய வெட்கத்துக்குக் குடும்பத்தை மட்டும் எப்படிப் பொறுப்பாக்குவீர்கள் என்று கேட்டார்கள். சாதியைக் குடும்ப விவகாரம் என்று சொல்லக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த வாதம் புதிதல்ல.

கூரை, கஞ்சி, பேறுகாலக் கவனிப்பு ஆகியவை புனேயிலும் கேட்காவ்னிலும் டூவத்திலும் வெவ்வேறு அளவில் இருந்தன. வேறுபாடு அவற்றில் மட்டும் இல்லை. வெட்கத்தை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. புலேயின் வீடு அதைச் சாஸ்திரியின் தலையில் ஏற்றியது. டூவம் தாயின் தலையில் ஏற்றியது.

இனி நம் ஊருக்கு வருவோம். புலேயின் இல்லம் பார்ப்பன விதவைக்காகத் திறந்தது, சாரதா சதனும் அப்படியே. தலித் பெண்ணின் கர்ப்பத்தை அக்காலச் சீர்திருத்தம் ஒரு 'பிரச்சினை'யாகக்கூட எண்ணவில்லை. பண்ணையார் வயலில் அவளுக்கு நேர்ந்தது யாருடைய குடும்ப மானத்தையும் கெடுத்ததாகக் கணக்கில் வரவில்லை. இன்றும் கர்ப்பத்தோடு வீட்டைவிட்டு விரட்டப்படும் தலித் பெண்ணுக்குப் பல இடங்களில் முதல் கூரை ஒரு மதத்தின் கூரைதான். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. ஆனால் அதைப் பெறப் பதிவு எண் வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். தெருவில் நிற்பவளிடம் இவற்றில் எது இருக்கும்?

அந்தக் கூரையின் கீழ் அவள் ஞானஸ்நானம் பெற்றால் என்ன ஆகும் என்பதையும் வெளிப்படையாகப் பேசுவோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். அதனால் அவளைக் கர்ப்பமாக்கியவன் ஆதிக்க சாதிக்காரனாக இருந்து, அவள் ஏற்கெனவே மதம் மாறியவளாக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் துணை நிற்காது. இந்த அநீதியைச் செய்வது அந்த இல்லமல்ல, அந்த ஆணை. மதம் மாறுவது அவள் உரிமை. அந்த உரிமைக்கு அண்ணலே 1956இல் நாக்பூரில் வழிகாட்டினார். ஆனால் உரிமை வேறு, கஞ்சிக்கு ஈடாகக் கேட்கப்படும் விலை வேறு.

எனவே எந்த இல்லத்தின் வாசலிலும், அது சிலுவை வைத்ததோ, கோபுரம் வரைந்ததோ, பிறை பொறித்ததோ, அரசு முத்திரை குத்தியதோ, நாம் கேட்க வேண்டியவை இவை. கும்பிடாவிட்டாலும் சோறு உண்டா? அவள் விரும்பினால் வெளியே போக முடியுமா? வேலை வாங்கினால் கூலி உண்டா? குழந்தையைத் தானே வளர்க்க விரும்பினால் அதற்கு உதவி உண்டா? ஒப்படைக்க நினைத்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைத்த பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் சட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னார்களா? இறந்த குழந்தைக்கும் பெயரும் பதிவும் உண்டா? அவளைக் கைவிட்டவன் மீது வழக்குப் போட யாராவது கூட வருவார்களா?

இவற்றுக்கு ஆம் என்று சொல்லும் இல்லத்தை, அது எந்தக் கடவுளின் பேரில் நடந்தாலும், நாம் காக்க வேண்டும். இல்லை என்று சொல்லும் இல்லத்தின் பதிவேட்டைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டும். தான் நடத்திய இல்லத்தில் 30 குழந்தைகள் இறந்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனார் ஜோதிராவ் புலே. அடைக்கலம் கொடுப்பவர்களிடம் நாம் கேட்பது அந்த நேர்மையைத்தான்.