திரைக்கல்விக்கு முந்திய அரங்கக்கல்வி

திருத்தணிக்கு வடமேற்கே, திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு வட்டத்தில் அமைந்துள்ள பொதட்டூர்பேட்டை நெசவுத் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த நிலப்பகுதியைச் சார்ந்தது அது. தொண்டை மண்டலத்தின் வடகோடியாகிய அவ்வட்டாரத்தில், திரௌபதியம்மன் விழாக்காலத்தே பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் பாரதக் கூத்தும் நிகழ்வது மரபு. அத்தகைய ஊரிற் பிறந்த இளைஞன் ஒருவன் சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திற் சேர்கின்றான் எனக் கொள்வோம். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் அவனுக்குக் கருவி கொண்டு கற்பிக்கப்பெறும். ஒரு நாடகத்தைத் தொடக்கம் முதல் அரங்கேற்றம் வரை கொண்டு செலுத்தும் திறத்தை அவன் யாரிடம் கற்பான்? விடை தேடப் புகுவார்க்குத் தமிழ் நாடக வரலாற்றின் ஒரு முடிச்சு புலப்படும். நாடகக் குழுக்களிற் பயின்ற மாணாக்கரைத் திரைப்படம் இரு கையும் நீட்டி வரவேற்றது. அவர்கள் பயின்ற பள்ளியையோ அது வரவேற்கவில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரங்கேற்றம் தனித்த ஒரு கல்வியாகத் தமிழரால் மதிக்கப்பெற்றமைக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்று. அக்காதையை ஆடல் மகளின் சிறப்புரைக்கும் பகுதியாகவே பலரும் பயில்கின்றனர். யாம் அதனைத் தொழில்நூற் பகுதியாகவும் காண்கின்றோம். மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டு வரை பயின்றாள். அவளுக்கு ஆசிரியர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலராவர். அரங்கின் அளவோ 24 பெருவிரல் கொண்ட கோலால் நீளம் 8, அகலம் 7, உயரம் 1 என வரையறுக்கப்பெற்றுள்ளது. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவதும், இருபுறமிருந்தும் வந்து பொருந்துவதும், மேலிருந்து மறைவாக இறங்குவதுமாகிய மூவகை எழினியும் கூறப்பட்டுள்ளன. இவற்றினும் எம்மைக் கவர்வது விளக்கமைப்புப் பற்றிய குறிப்பு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்படவேண்டும் என்பது அதன் கருத்து. ஒளிப்பதிவு பயிலும் மாணவனுக்கு இன்றும் முதற்பாடமாக அமையத்தக்க செய்தி இது. தமிழ்த்துறை மாணவர் அதனை உரையோடு மனனம் செய்கின்றனர். விளக்கை ஏந்தி நிற்பவனோ அதனை அறியான். இவ்விருவரும் ஒரே நகரில் இருந்தும் சந்தித்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கல்வி பாலர் நாடகக் குழுக்களில் வேறு வடிவிற் புத்துயிர் பெற்றது. தூத்துக்குடியில் 1867இல் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வாண்டே அதிற் சேர்ந்த சிறுவருள் ஒருவர் பின்னாளில் ‘அவ்வை’ எனப் போற்றப்பெற்ற தி. க. சண்முகம், அவருக்கு அப்போது அகவை ஆறு. தமக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவர் தம் ‘எனது நாடக வாழ்க்கை’யிற் குறித்துள்ளார். ஓர் இரவில் எழுதிய வேகத்தையே வியப்போர் பலர். எம் வியப்பு வேறு. எச்சிறுவனின் குரல் எம்மட்டும் ஏறும், எவனுக்கு நீண்ட வசனம் தங்கும் என்பன ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தன. பாடத்தை எழுதியவரும் பாட்டைப் பயிற்றியவரும் மேடையில் ஏற்றியவரும் ஒருவரே ஆதலின் எழுத்திற்கும் அரங்கிற்கும் இடையே வெளி இருக்கவில்லை. அவரை அக்குழுவினர் அழைத்த பெயர் ‘வாத்தியார்’. இயக்குநர் என்ற சொல் வழக்கிற்கு வருவதற்கு முன் அப்பொருளை உணர்த்தியது இச்சொல்லே. அது பள்ளிக்கூடத்தினின்று இரவல் வாங்கப்பட்ட உவமையும் அன்று. அங்கு நிகழ்ந்தது மெய்யாகவே கற்பித்தல்.

அக்கல்வியில் நடிப்பு ஒரு கூறே. இராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, கள்ளபார்ட்டு, பபூன் என வேடங்கள் வகுக்கப்பட்டிருப்பினும், ஒருவன் வேடம் மற்றவனுக்கும் பாடமாயிருக்கும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அன்றிரவே நிற்கவேண்டும். ஊர்தோறும் படுதாவும் உடைப் பெட்டிகளும் உடன் செல்லும். புதிய கொட்டகையின் அளவும் ஓசையும் ஒவ்வொரு முறையும் அறியப்படவேண்டும். இவையனைத்தையும் சிறுவர் கண்ணாற் கண்டே கற்றனர். தந்திரக் காட்சிகளுக்குப் பெயர் பெற்ற நவாப் இராஜமாணிக்கத்தின் குழுவிற் பயின்ற எம். என். நம்பியார் போன்றோர் மேடைப் பொறிகளின் நுட்பத்தை உடனிருந்தே அறிந்திருப்பர்.

இதனைக் குருகுலம் என்று புகழ்ந்து அமைவார் உளர். யாம் அவ்வாறு அமைய இயலவில்லை. ஆறும் ஏழும் வயதுடைய குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து இரவு முழுதும் உழைத்த தொழிலிடம் அது. வயது முதிர மகரக்கட்டு வந்து குரல் உடையும் பருவத்தில், நேற்றுவரை நாயகனாயிருந்த சிறுவன் பாடமின்றி நின்றான். மீண்டும் மேடை ஏறியவர் வரலாற்றில் இடம் பெற்றனர். ஏறாதவர் எத்தனையர் என்பதற்குக் கணக்கில்லை. கல்வியின் சிறப்பையும் அதன் விலையையும் ஒருங்கே எழுதுவதே ஆராய்ச்சியாளர் கடன்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபை இதற்கு நேர்மாறானது. கற்றவரும் பதவியிலிருந்தோரும் தொழில் நேரம் போக ஓய்விற் பயின்ற மன்றம் அது. வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய அவர் பயிற்சியை எழுத்தில் வடித்தார். ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி’ என்னும் நூலும், திரையுலகில் தாம் கண்டவற்றைக் கூறும் ‘பேசும்பட அனுபவங்கள்’ என்னும் நூலும் அவருடையவை. சுவாமிகள் வாய்மொழியாற் கற்பித்ததை இவர் ஏட்டில் ஏற்றினார் எனலாம். எனினும் திரைப்படம் தன் நடிகரைப் பெரிதும் பெற்றது சபையினின்று அன்று, குழுவினின்றே.

முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. அதன் நாயகி டி. பி. இராஜலட்சுமி மேடையில் நடித்துவந்தவர். 1935இல் தி. க. ச. சகோதரர் குழுவினர் இராஜா சாண்டோவின் இயக்கத்தில் ‘மேனகா’வில் நடித்தனர். இவ்வரிசையில் ஆராய்ச்சிக்குரிய நிகழ்ச்சி 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. அதனை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றவர். உடன் பயின்ற மாணிக்லால் தாண்டனோடு 1935இல் இந்தியா வந்தவர். தமிழ் ஒரு சொல்லும் அறியார். அவர்முன் நின்றவர்களோ எம். கே. இராதா, எம். ஜி. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா முதலிய மேடை மாணாக்கர். இராதாவின் தந்தை எம். கந்தசாமி முதலியார் புகழ்பெற்ற நாடக வாத்தியார்.

திரைப்பட மாணவன் ஒருவனும் நாடக மாணவரும் தமிழகத்தில் எதிர்ப்பட்ட முதற் களங்களுள் ஒன்று அப்படப்பிடிப்பு. கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல் ஒலிவாங்கியின் முன் அடங்கவேண்டியிருந்தது. அவையை நோக்கியே நின்ற உடல் உடன் நடிப்பவரை நோக்கித் திரும்பவேண்டியிருந்தது. இம்மாற்றங்களை நடிகர் ஏற்றனர். எதிர்த்திசையில் நிகழ்ந்த கல்வியோ எழுதப்படவில்லை. மொழியறியாத இயக்குநர் ஒருவர் 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கியது எவ்வாறு? காட்சியின் ஏற்ற இறக்கத்தை முன்பே உடலிற் பதித்து வந்த நடிகர் வாய்த்திராவிடின் அது நிகழ்ந்திராது என்பது எம் துணிபு. படமெடுப்பவர் நாடகம் கற்றனர்; கற்றதாக எவரும் சான்றிதழ் வழங்கவில்லை.

குழுக்கள் ஒவ்வொன்றாய்க் கலைந்தபின் நடிகரை உருவாக்கும் ஊற்று அடைபட்டது. படப்பிடிப்பு நிலையங்கள் நடிகரை மாதச் சம்பளத்திற்கு அமர்த்தினவேயன்றி, அவர்களை ஆளாக்கிய பயிற்சிக்குப் பொறுப்பேற்கவில்லை. 1959இல் தில்லியில் தேசிய நாடகப் பள்ளியும் 1960இல் பூனாவில் திரைப்பட நிறுவனமும் தோன்றின. நாடகம் ஒரு நகரிலும் திரைப்படம் வேறொரு நகரிலுமாகக் கல்வி பிரிந்தது. சென்னையில் திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் 1973இற் சேர்ந்த இரஜினிகாந்த், பெங்களூரிற் பேருந்து நடத்துநராயிருந்தபோதே நாடகங்களில் நடித்தவர். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் அவரை அறிமுகப்படுத்திய கே. பாலசந்தரும் கணக்காயர் அலுவலகத்திற் பணியாற்றிக்கொண்டே மேடை நாடகம் நடத்தி வளர்ந்தவர். பள்ளி இருந்தும் மேடையே இருவரையும் முதலில் ஆளாக்கிற்று.

1977 ஒரு திருப்பம். அவ்வாண்டில் செ. இராமானுஜம் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அவ்வாண்டிலேயே ந. முத்துசாமி சென்னையிற் கூத்துப்பட்டறையை நிறுவினார். முத்துசாமிக்கு வழிகாட்டியது திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் அப்பட்டறையிற் பயின்று திரைக்குச் சென்றனர். விஜய் சேதுபதி அங்குக் கணக்காளராயிருந்து பயில்வோரைக் கண்டே கற்றவர். உடனிருந்து காண்பதே கல்வி என்ற பழைய முறை இங்கு மீண்டும் தலைகாட்டுவதைக் கருதுக.

இனிப் பொதட்டூர்பேட்டை மாணவனிடம் திரும்புவோம். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து வேடதாரி பாடியவாறு வெளிப்படுவதும், கட்டியங்காரன் கதைக்கும் அவைக்கும் இடையே நின்று பேசுவதும், பின்பாட்டினர் நடிகனுக்கு மூச்சுவாங்க இடம் தருவதும் அவன் இளமையிலேயே காணக்கூடியவை. அச்சான கூத்து நூல்கள் பாட்டையும் வசனத்தையும் தருகின்றன. எப்பாட்டில் திரை விலகும், எவ்விடத்துத் தாளம் மாறும், பொழுது விடியுமுன் கதையை எங்குச் சுருக்குவது என்பனவற்றை அவற்றிற் காண்டல் அரிது. அவை வாத்தியார்களின் நினைவிலும் கையெழுத்து ஏடுகளிலுமே உள்ளன. அவர்கள் முதியவர்கள், ஏடுகள் செல்லரிப்பவை. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் அவற்றைத் தொகுக்கத் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் திரைப்பட மாணவர் ஒருவரும் சேர்ந்து செல்லவேண்டும். முன்னவர் பாடத்தைப் படியெடுக்கலாம். பின்னவர், அதே வாத்தியார் அதே பகுதியைக் கற்பிக்கும் முறையைப் படம்பிடிக்கலாம். ஒரு விழாக்காலத்திற்குள் தொடங்கத்தக்க பணி இது.