ஓலைச்சுவடிப் பாதுகாப்பில் இலைச்சாறும் இலை எண்ணெயும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதனைச் சார்ந்த பாண்டியன் புத்தகசாலையில் ஏட்டுச்சுவடிகள் திரட்டப்பட்டன. வீடுகளிலும் மடங்களிலும் தனித்தனியே பேணப்பட்டவை ஓரிடம் சேர்ந்தபோது, அவற்றைக் காக்கும் பொறுப்பும் நூலகத்தைச் சேர்ந்தது. சுவடிக் காப்பில் இலைகளுக்கு நெடுங்கால இடமுண்டு. அம்மரபையே ஆக்சிஜனேற்றத் தடுப்பு பற்றிய முன்னோர் அறிவுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபில் இலைகளின் பயன்

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தனி நிறம் இல்லை. அது கண்ணுக்குத் தெளியும் பொருட்டு விளக்குக்கரி, மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு முதலியவற்றைத் தடவித் துடைத்தனர். இது மையாடல் எனப்பட்டது. பூச்சிகளை விலக்க வசம்பையும், மதுரைச் சமவெளியில் எளிதிற் கிடைக்கும் நொச்சி, வேம்பு ஆகியவற்றின் இலைகளையும் சுவடிகளோடு வைத்தனர். எழுத்துத் தெளிவு, பூச்சித் தடுப்பு என்னும் இரண்டுமே இவ்வழக்கங்களின் வெளிப்படையான நோக்கங்களாகும்.

சாறும் எண்ணெயும்

இன்று சுவடி நூலகங்களில் ஓலையைத் துடைத்தபின் பூசப்பெறும் எலுமிச்சைப்புல் எண்ணெய் இவற்றினின்றும் வேறானது. பிழிந்த சாற்றில் நீரில் கரையும் பொருள்களும் நிறமிகளும் மிகுதி. நீராவியால் வடித்த எண்ணெயிலோ ஆவியாகும் நறுமணப் பொருள்களே உள்ளன. ஆதலின் சாறு பற்றிய மரபுச் செய்தியை எண்ணெயின் பண்புக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு

ஓலை பழுப்பேறி நொறுங்குவதற்குப் பூச்சி மட்டும் காரணமன்று. ஒளியும் ஆக்சிஜனும் ஓலையிலுள்ள லிக்னினைச் சிதைப்பதும் ஒரு காரணமாகும். ஒரு பொருளின் தடுப்பாற்றலை அளக்க இன்று பெரிதும் கையாளப்படும் டிபிபிஎச் சோதனையை பிளாய்ஸ் என்பவர் 1958இல் முன்வைத்தார். அதில் ஊதாநிறக் கரைசல் தடுப்பான் சேர்ந்ததும் மஞ்சளாக வெளிறும். துளசி எண்ணெயிலுள்ள யூஜினாலும், கற்பூரவள்ளி எண்ணெயிலுள்ள கார்வக்ராலும் பீனால் வகையின. ஹைட்ரஜனை வழங்கித் தனி உறுப்புகளை அடக்குவன. எலுமிச்சைப்புல் எண்ணெயின் முதன்மைப் பொருளான சிட்ரால் ஆல்டிஹைடு வகையைச் சார்ந்தது. காற்றுப்பட வைத்தால் அது தானே ஆக்சிஜனேற்றம் அடையும். எனவே பூச்சி, பூஞ்சைத் தடுப்பிலும் ஓலையின் நெகிழ்ச்சியிலும் அவ்வெண்ணெய்க்குள்ள பயனைத் தடுப்பாற்றலாக எண்ணலாகாது.

மறுதலையாக, தடுப்பாற்றல் மிக்க எண்ணெயே சுவடிக்கு உகந்தது என்று கொள்ளவும் இயலாது. யூஜினால் நாள்பட்டுக் காற்றில் கருமையடையும். அக்கருமை ஓலையில் படிந்தால் எழுத்தின் தெளிவு குன்றக்கூடும். கரைசலில் கண்ட முடிவை ஓலையின்மேல் நிகழ்வதாக அப்படியே ஏற்றிவிட முடியாது.

முடிவுரை

எழுத்தைத் தெளிவிக்கும் சாறு, பூச்சியை விலக்கும் இலை, ஓலையை நெகிழ்விக்கும் எண்ணெய் என்னும் மூன்றும் தனித்தனிப் பயன்கள். தடுப்பாற்றல் நான்காவது, அது பின்னர் அளக்கப்பெற்ற பண்பு. இவற்றை ஒன்றாக்குவதால் மரபுக்குப் பெருமை கூடுவதில்லை. மாறாக, பொருந்தாத எண்ணெயைச் சுவடியில் பூசும் இடர் நேரும். எழுத்தில்லாப் பழைய ஓலைகளில் நெடுநாள் சோதித்த பின்னரே எந்த எண்ணெயையும் சுவடிக்குப் பரிந்துரைத்தல் தகும். படியெடுக்கப்படாத சுவடி அழியின் அதன் பாடத்தை மீட்டல் அரிது.