கடலில் காணாமற்போனவர்

பண்டைத் தமிழ் இலக்கணம் வகுத்த பெருமக்கள் நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக்கினர். கடலுக்குச் சென்றவன் மீளும்வரை கரையில் நின்று வருந்துவது அந்நில மக்களின் வாழ்வோடு பிரியாதது என்று அவர்கள் கண்டனர் போலும். ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தபின்னும் அவ்விரங்கல் நீங்கவில்லை. நம் காலத்தில் அதனோடு ஒரு வினாவும் சேர்ந்துள்ளது. கடலில் ஒருவர் காணாமற்போனால் அவரைத் தேடும் கடமை யாருடையது? எத்தனை நாள் தேடுவது, எவ்வளவு தொலைவு தேடுவது? இவ்வினாவை இரண்டு நிகழ்ச்சிகளின் வாயிலாக ஆராய விரும்புகிறோம். ஒன்று உலகறிந்தது. மற்றொன்று நாம் வாழும் திருவனந்தபுரத்தின் கரையில் நிகழ்ந்தது.

2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் 'டைட்டன்' என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம் ஐவரை ஏற்றிக்கொண்டு வட அட்லாண்டிக் கடலில் இறங்கிற்று. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண்பது அப்பயணத்தின் நோக்கம். ஆளொன்றுக்குக் கட்டணம் 2,50,000 டாலர். அச்சிதைவு ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே அவ்வாழத்தில் கலத்தை நெருக்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் முந்நூற்றெண்பது மடங்கு எனலாம். இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகுமுன்னரே மேலே நின்ற துணைக்கப்பலோடு இருந்த தொடர்பு அறுந்தது.

கலத்தில் 96 மணி நேரத்திற்குப் போதிய உயிர்வளி உண்டு என்று சொல்லப்பட்டமையால் உலகமே மணியை எண்ணிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை முன்னின்று தேடிற்று. கனடாவின் விமானங்கள் கடலோசையைக் கேட்கும் மிதவைகளை இட்டன. பிரான்சிலிருந்து ஆழ்கடல் இயந்திரம் வந்தது. ஜூன் 22ஆம் நாள், டைட்டானிக்கின் முகப்புக்கு ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் கலத்தின் துண்டுகள் காணப்பட்டன. கலம் அழுத்தத்தால் நசுங்கி, ஐவரும் ஒரு நொடியில் மாண்டனர் என்பது தெளிவாயிற்று. அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் முதல்நாளே அவ்வோசையைப் பதிவு செய்திருந்தன என்பதும் பின்னர் வெளியாயிற்று.

இதையொட்டி எழுந்த விவாதம் பெரிது. கரிமநார் கொண்டு செய்யப்பட்ட அக்கலத்தின் கூடு, சார்பற்ற ஆய்வு நிறுவனம் எதனாலும் சான்றளிக்கப்படாதது. 2018லேயே வல்லுநர் பலர் அதன் உரிமையாளரை எச்சரித்திருந்தனர். இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025இல் முடிவு கூறிற்று. இதனினும் கூரிய வினா ஒன்றையும் உலகம் எழுப்பியது. டைட்டன் இறங்குவதற்கு நான்கு நாட்களுக்கு முன், ஜூன் 14ஆம் நாள், கிரேக்க நாட்டின் பீலோஸ் நகருக்கு அப்பால் அகதிகள் நிரம்பிய மீன்பிடிக் கப்பல் ஒன்று கவிழ்ந்தது. அதில் ஏறக்குறைய 750 பேர் இருந்தனர் என்று மதிக்கப்படுகிறது. உயிர் தப்பியவர் 104 பேர். ஐவரின் பெயரை உலகம் அறிந்தது. இந்த நூற்றுக்கணக்கானோரின் பெயரை யார் அறிவார்? தேடலின் அளவு தேடப்படுவோரின் செல்வத்தைப் பொறுத்ததோ என்று பலரும் வினவினர்.

கடல் விபத்துக்குப்பின் எழும் வாதம் வீண்பேச்சு என்று கருதுவது தவறு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, அருகே இருந்த 'கலிபோர்னியன்' என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர் உறங்கச் சென்றுவிட்டார். அபயக்குரல் அக்கப்பலின் காதில் விழவில்லை. ஏறத்தாழ 1,500 உயிர்கள் மடிந்தன. மக்கள் எழுப்பிய கேள்விகளின் விளைவாக, 1914இல் இலண்டனில் கூடிய நாடுகள் கடலில் உயிர்க்காப்புக்கான முதல் உடன்படிக்கையைச் செய்தன. இரவும் பகலும் செய்திக்குக் காதுகொடுத்திருக்க வேண்டும் என்ற விதியும், எல்லோர்க்கும் போதிய உயிர்ப்படகு வேண்டும் என்ற விதியும் அவ்வாறு பிறந்தவையே. எனவே வாதம் விதியாக முதிர்கிறதா என்பதே நாம் நோக்கவேண்டுவது.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவனந்தபுரம் வானையும் கடலையும் அறிவியலால் அளந்த நகரம். 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாய்வுக்கூடம் நிறுவினார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நகருக்கு வடக்கே உள்ள தும்பா என்னும் மீனவர் குப்பத்திலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. அதற்காக அம்மீனவர் தம் வீடுகளையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தனர். அத்தேவாலயமே விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்லும்பொருட்டு நம் நாடு ஆக்கிவரும் 'மத்ஸ்யா 6000' என்னும் கலத்துக்கு, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டேனியக் கோளத்தை வகுப்பதிலும் இந்நகரின் விண்வெளி நிலையம் பங்குகொண்டுள்ளது. அக்கலத்திற்கும் இடர்க்காலக் காப்பு 96 மணி நேரமே.

இத்தகைய நகரின் கண்ணெதிரே 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'ஒக்கி' புயல் எழுந்தது. இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஏறத்தாழ ஒரே நாளில் புயலாக முதிர்ந்து, நவம்பர் 30ஆம் நாள் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து, அரபிக்கடலில் புகுந்து இலட்சத்தீவை நோக்கிச் சென்றது. பூந்துறை, விழிஞம் ஆகிய ஊர்களின் சிறு வள்ளங்கள் முன்னாள் மாலையே கடலேறியிருந்தன. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் விசைப்படகுகளோ பல நாட்களுக்கு முன்பே தங்கு கடலுக்குப் போய், கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருந்தன. இரு மாநிலங்களிலுமாக முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது.

முதல் வாதம் எச்சரிக்கையைப் பற்றியது. கடல் கொந்தளிக்கும், மீனவர் செல்ல வேண்டா என்று முன்னரே அறிவித்தோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற அறிவிப்பு 30ஆம் நாள் நண்பகலில்தான் கிடைத்தது என்றது கேரள அரசு. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வழக்கில் ஒன்று புலப்படுகிறது. தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்பன காற்றின் வேகத்தை வைத்து வகுத்த படிகள்; அலுவலகத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு நடைமுறை உண்டு. கடலோடியோ வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையால் அறிபவன். நீரோட்டத்தை நீவாடு என்பவன். 'செல்லாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்னும் வாக்கியம் அவன் செவிக்கு ஆண்டில் பலமுறை வருவது. இன்றைய ஆபத்து என்றையும் போன்றதன்று என்பதை அவ்வாக்கியம் அவனுக்கு உணர்த்தவில்லை. முன்பே கடலேறியவர்க்கோ எந்த வாக்கியமும் எட்டவில்லை. கைப்பேசியின் அலை கரையை விட்டுச் சில கல் தொலைவிலேயே அற்றுப்போகும்.

இரண்டாவது வாதம் தேடலைப் பற்றியது. கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் தேடின. பலரை உயிரோடு மீட்டன. இதை மறைத்தல் நன்றியன்று. எனினும் தேடல் போதிய தொலைவுக்குச் செல்லவில்லை என்பது கரையோர மக்களின் முறையீடு. டிசம்பர் முதல் வாரத்தில் நாம் பூந்துறைக்குச் சென்றபோது, தேவாலய முற்றத்தில் மகளிர் உண்ணாமல் உறங்காமல் அமர்ந்திருக்கக் கண்டோம். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருப்பவனை நீவாடு எத்திசையில் இழுத்துச் செல்லும் என்பது எங்களுக்குத் தெரியும், எங்களையும் கப்பலில் ஏற்றுங்கள் என்று முதியோர் வேண்டினர். இசைவுக்குக் காத்திராமல் அவ்வூர் இளைஞர் தம் வள்ளங்களிலேயே தேடப் புறப்பட்டனர். பின்னர் மீனவரையும் தேடு கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். அம்மக்களின் பட்டறிவு தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருக்குமாயின் நன்றாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

மூன்றாவது வாதமே நம்மைப்போல் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் சிந்திக்கத்தக்கது. அஃது எண்ணிக்கையைப் பற்றியது. குமரிக்கரை 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை பிரிந்தபின்னும் இருபுறமும் உள்ள மக்கள் ஒரே குடியினர். ஒரே கடலில் தொழில் செய்பவர். கொண்டும் கொடுத்தும் வாழ்பவர். தூத்தூர் வட்டாரத்தார் பலர் கொச்சித் துறைமுகத்திலிருந்து கடலேறுகின்றனர். படகு கேரளத்தில் பதிவானது. அதில் தொழில் செய்பவர் தமிழ்நாட்டார். 2017 டிசம்பர் 2ஆம் நாள், 952 மீனவர் 68 படகுகளில் சிந்துதுர்க்கக் கரையில் பத்திரமாகச் சேர்ந்தனர் என்று மகாராட்டிர முதலமைச்சர் அறிவித்தார். அவற்றுள் 66 கேரளப் பதிவு கொண்டவை. இரண்டே தமிழ்நாட்டுப் பதிவின. ஆயினும் அவற்றில் வந்தவருள் தமிழர் மிகப்பலர். படகைப் பார்த்து ஆளை எண்ணினால் கணக்கு எப்படிப் பொருந்தும்? பங்குத் தேவாலயங்கள் வீடுவீடாகத் தொகுத்த பட்டியலும் அரசாங்கத்தின் பட்டியலும் வேறுபட்டன. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் இருப்புப்பாதையில் அமர்ந்து மறியல் செய்ததற்கு இக்குழப்பமும் ஒரு காரணம்.

'காணாமற்போனவர்' என்னும் சொல்லை நாம் பன்முறை மொழிபெயர்த்திருக்கிறோம். ஏட்டில் அஃது ஒரு கட்டத்தை நிரப்பும் சொல். வீட்டிலோ அச்சொல்லின் பொருள் வேறு. உடல் கிடைத்தால் அடக்கம் செய்து அழுது ஆறலாம். கிடைக்காவிடில் மனைவி கைம்பெண்ணா சுமங்கலியா என்பதே தெரியாது. ஏழாண்டுகள் ஒருவரைப்பற்றி எச்செய்தியும் இல்லையெனில் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. இன்றைய புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. அதுவரை கடன் கொடுத்தவன் காத்திருப்பானா? பிள்ளைகளின் பள்ளிச் செலவு காத்திருக்குமா? ஒக்கியின்போது இரு மாநில அரசுகளும் அவ்வேழாண்டுக் காத்திருப்பை நீக்கி, காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் 20 இலட்சம் ரூபாய் வழங்க முன்வந்தன. இது போற்றத்தக்க முன்மாதிரி.

வாதம் விதியாக முதிர்ந்ததா என்று முன்பு வினவினோம். ஓரளவு முதிர்ந்தது எனலாம். 2018இல் நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு ஒக்கியைப் பற்றியே தனி அறிக்கை அளித்தது. அவ்வாண்டே திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. முதலில் வந்தவை கரையின் சொல்லைக் கடலுக்குக் கொண்டுசெல்வன மட்டுமே. கடலின் குரலைக் கரைக்குக் கொணரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இருவழியும் பேசும் கருவிகளை ஓரிலட்சம் மீன்பிடிக் கலங்களில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பெற்றது. தும்பா மக்கள் தம் தேவாலயத்தைக் கொடுத்து அறுபதாண்டு கழிந்தபின், அவர் கொடுத்ததன் பயன் அவர்தம் படகுகளை எட்டத் தொடங்கியுள்ளது. காலந்தாழ்ந்ததேனும் வரவேற்போம்.

நிறைவாக ஒன்று. டைட்டனில் சென்ற ஐவருக்காக இரங்கியது தவறன்று. பத்தொன்பது வயது மகனும் தந்தையும் அதில் ஒருங்கே மாண்டனர். துயரத்தில் ஏழை செல்வன் இல்லை. ஐவருக்காகத் திரண்ட அதே முனைப்பு நூற்றுவருக்காகவும் திரள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அதற்கு முதற்படி பெயர். யார் எப்படகில் எந்நாள் கடலேறினார் என்னும் குறிப்பு கரையில் இருந்தால்தான் தேடுவோர்க்கு எத்தனை பேரைத் தேடுகிறோம் என்பது தெரியும். கொச்சியிலும் மங்களூரிலும் மும்பையிலும் வேராவலிலும் வாழும் அன்பர்களே, உங்கள் ஊர்த் துறைமுகத்தில் குமரிக்கரைப் படகு ஒன்று ஒதுங்கக் கண்டால், அதிலுள்ளோரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை அவர்தம் ஊருக்கு அறிவியுங்கள். தமிழறிந்த ஒருவர் அங்கு நிற்பதே அவர்களுக்குப் பேருதவி. 2017 டிசம்பரில் அத்தகைய ஒரு செய்திக்காகத்தான் பூந்துறை முற்றத்தில் அம்மகளிர் காத்திருந்தனர்.