மிச்சம் வைக்காத நொதி

1922இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவரின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எடுத்து, கே-12 என்று பெயர் எழுதி வைத்தார்கள். ஈ.கோலை இனம், யாருக்கும் தொந்தரவு தராத சாது. பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மட்டும்தான் அது பயன்பட்டது. 1940களில் எட்வர்டு டேட்டம் அதைக் கையில் எடுத்தார். பாக்டீரியாக்களும் தங்களுக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும் என்று 1946இல் அவரும் ஜோஷுவா லெடர்பெர்கும் காட்டியது இதை வைத்துத்தான். அத்தோடு அதன் தலையெழுத்தே மாறிவிட்டது. அதன் பிறகு எந்த நாட்டில் மரபியல் ஆய்வுக்கூடம் திறந்தாலும் கே-12இன் வாரிசு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

போய்ச் சேரும் விதமும் எளிதுதான். சின்ன வடிதாள் துண்டில் ஒரு சொட்டை ஊறவைத்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். யாருடைய கூடத்தில் எது எதிலிருந்து பிறந்தது என்று யேல் பல்கலைக்கழகத்தில் பார்பரா பாக்மன் பல ஆண்டுகள் வம்சாவளி எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கட்டுரை அந்த வம்சத்தின் ஒரு கிளையைப் பற்றியது. ஒரு மரபணு பழுதான கிளை.

டிஎன்ஏவில் இருக்கும் தகவலைப் படி எடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்என்ஏ. அப்படி ஒன்று உண்டு என்பதே 1961இல்தான் உறுதியானது. அதைக் கண்டுபிடிக்க அத்தனை காலம் பிடித்ததற்கு அதன் அற்ப ஆயுளும் ஒரு காரணம். ஈ.கோலைக்குள் பெரும்பாலான தூது ஆர்என்ஏக்களின் அரைவாழ்வு சில நிமிடங்கள்தான். உருவாவதைப் பற்றி ஆராய ஆள் திரண்டது. அழிவதைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அழிவு தானாக நடப்பதாக நினைத்துக்கொள்வது மனித வழக்கம்போல.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் அபிரியானும் அழிவைத் தேடிப் போகவில்லை. புரதம் செய்யும் இடமான ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்என்ஏ நீளமாகப் பிறந்து, பிறகு வெட்டித் திருத்தப்படுகிறது; வெட்டுவது எது என்பது அவர் கேள்வி. 30 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து, சூடு நாற்பதைத் தாண்டினால் நின்றுவிடும், மரபணு பழுதான விகாரிகளை அவர் குழு தேடியது. 1978இல் கிடைத்த ஒன்றில், சூடேற்றியதும் 9எஸ் என்ற ஓர் ஆர்என்ஏ வெட்டுப்படாமல் குவிந்தது. அதை பி.கே. கோராவும் அபிரியானும் அலசினார்கள். முறையாக வெட்டுப்பட்டிருந்தால் அது ரைபோசோமின் 5எஸ் ஆர்என்ஏவாக ஆகியிருக்க வேண்டும். மறு ஆண்டே டி.கே. மிஸ்ராவும் அபிரியானும் அந்த வெட்டும் நொதியைப் பற்றி எழுதினார்கள். ஆர்என்ஏஸ் ஈ என்று பெயர். அதன் மரபணு ஆர்.என்.இ.

அதே 1979இல் ஜப்பானில் ஓனோவும் குவானோவும் வேறொரு விகாரியைப் பற்றி எழுதினார்கள். அதுவும் சூட்டில் நின்றுபோகும் ரகம். ஆனால் அவர்கள் கவனித்தது வேறு: அதில் தூது ஆர்என்ஏ சீக்கிரம் அழியாமல் நீடித்தது. அந்த மரபணுவுக்கு ஏ.எம்.எஸ். என்று பெயரிட்டார்கள். செயின்ட் லூயிஸ் விகாரி திருத்தும் வேலைக்காரர்கள் பக்கமும், ஜப்பான் விகாரி அழிக்கும் வேலைக்காரர்கள் பக்கமும் ஒதுங்கின. பத்து ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் தனித்தனிக் கட்டுரைகளில் குடியிருந்தன.

1990–91இல் மூன்று நான்கு கூடங்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பால் பாபிட்ஸ்கேயும் சிட்னி குஷ்னரும் அதில் ஒரு ஜோடி. இரண்டும் ஒரே மரபணுதான். திருத்துவதும் அழிப்பதும் ஒரே நொதி! அடுத்த ஆண்டு இன்னொரு வேடிக்கை. தசைப் புரதமான மயோசினுக்குச் சொந்தம் என்று கருதி ஒரு குழு தனியே துரத்திக்கொண்டிருந்த பெரிய புரதமும் இதுவே என்று தெரியவந்தது. 1,061 அமினோ அமிலம் கொண்ட அது, சோதனை ஜெல்லில் ஓடும்போது தன் எடையை மிகைப்படுத்திக் காட்டி எல்லோரையும் ஏய்த்திருக்கிறது.

பிறகு விவரங்கள் வேகமாகச் சேர்ந்தன. 1994 முதல், இது தனியாள் அல்ல, கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரே தொகுதியாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் சர்க்கரையை எரிக்கும் பாதையைச் சேர்ந்த எனோலேஸ் நொதிக்கு என்ன வேலை என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. ஆர்என்ஏவின் முன்முனையில் மூன்று பாஸ்பேட் இருந்தால் ஆர்என்ஏஸ் ஈ தயங்கும், ஒன்று இருந்தால் விரைந்து வெட்டும் என்று 1998இல் ஜார்ஜ் மேக்கி காட்டினார். மூன்றை ஒன்றாக்கும் நொதியை 2008இல் ஜோயல் பெலாஸ்கோ குழு கண்டுபிடித்தது.

இந்த நொதியின் ஆய்வு இந்தியாவில் வேர் பிடித்த இடம் ஹைதராபாத். அங்கே செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியில் மலய் ரேயின் குழு அண்டார்டிகாவிலிருந்து வந்த சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை எடுத்து, குளிரில் இந்த நொதி யாரோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்தது. ஈ.கோலையில் இருக்கும் கூட்டாளிக்குப் பதில் அங்கே வேறொரு நொதி, ஆர்என்ஏஸ் ஆர், உட்கார்ந்திருந்தது. ஆனால் நான் நின்று பார்க்க விரும்புவது ஜெ. கௌரிசங்கரிடம். மருத்துவம் படித்துவிட்டு பாக்டீரியா மரபியலுக்கு வந்தவர். மெல்போர்னில் ஜிம் பிட்டார்டோடு ஆய்வு செய்து, சிசிஎம்பியில் உப்பு மிகுந்த சூழலை ஈ.கோலை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்து, பின்னர் டிஎன்ஏ ரேகை, நோயறிதல் மையமான சிடிஎஃப்டியின் இயக்குநரானார். அவர் ஆர்என்ஏ அழிவுக்கு வந்து சேர்ந்தது சுற்றுவழியில்.

2004இல் அவரும் ஆர். ஹரிநாராயணனும் ஒரு கேள்வி கேட்டார்கள். பாக்டீரியாவில் ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகிறதே, இந்த அவசரம் எதற்கு? அவர்கள் பதில்: சும்மா கிடக்கும் ஆர்என்ஏ ஆபத்து. ரைபோசோம் ஏறாத ஆர்என்ஏ, தான் பிறந்த டிஎன்ஏவிடமே திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆர்-வளையம் என்று பெயர். ஒட்டிய இடத்தில் டிஎன்ஏ இரட்டிப்பாவது தடைபட்டுச் செல் சாகலாம்.

எங்கள் தாயில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆலையில் காலையில் கலந்த மணி மருந்து என்ற வெடிகலவையை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும். மிச்சத்தை ராத்திரிக்கு அறையில் விட்டுவைக்கக் கூடாது. விட்டுவைத்தது ஈரம் ஏறி, நீர்த்துப்போய், தானே சூடாகிப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் மிச்சத்தால் போன உயிர்கள் இந்தப் பக்கத்தில் கொஞ்சநஞ்சம் இல்லை. செய்வதற்கு ஆள் வைத்து, மிச்சத்தை ஒழிக்க ஆள் வைக்காத இடம்தான் வெடிக்கிறது.

செல் அப்படி விடுவதில்லை. ரைபோசோம் ஏறாத ஆர்என்ஏ உருவாவதை ரோ என்ற புரதம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. கே. அனுபமா, ஜெ. கிருஷ்ண லீலா ஆகியோருடன் கௌரிசங்கர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ரோவையும் ஆர்என்ஏஸ் ஈயையும் எதிரெதிரே நிறுத்தியது. முன்முனைப் பாஸ்பேட்டைப் பார்த்து வெட்டுவது, பார்க்காமல் நேரே வெட்டுவது என்று அந்த நொதிக்கு இரண்டு வழிகள் உயிருள்ள செல்லுக்குள்ளேயே இருப்பதை அது காட்டியது. அதைவிட வியப்பு இன்னொன்று. ஆர்என்ஏஸ் ஈ இல்லாவிட்டால் செல் பிழைக்காது என்றுதான் அபிரியான் காலத்திலிருந்து பாடம். ரோவின் நிறுத்தும் வேலை பழுதான செல்களில் அந்த விதி தளர்ந்தது.

2013இல் அதே கூடம், ரோ பழுதான கே-12 வாரிசுகளில் மரபணுத்தொகை நெடுக ஆர்-வளையங்கள் பெருகுவதைக் காட்டியது. ரோவை முற்றிலும் இழந்து சாக வேண்டிய செல்லையும் காப்பாற்றினார்கள். காப்பாற்றியது பாக்டீரியாவைக் கொல்லும் டி4 வைரஸிடமிருந்து கடன் வாங்கிய, ஆர்-வளையத்தைப் பிரிக்கும் ஒரு புரதம்.

ஆர்என்ஏஸ் ஈ மனித செல்லில் இல்லை. காசநோய்க் கிருமியில் இருக்கிறது. அது இல்லாமல் அந்தக் கிருமியால் வாழ முடியாது. அதனால் இப்போது அந்த நொதியை முடக்கும் சிறு மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், புதுவகை நுண்ணுயிர்க்கொல்லி ஒன்று கிடைக்குமா என்று.