மூச்சுமானிக்குள் புகுந்த நிறம்

1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், 2,130 பேரைத் தம் ஸ்பைரோமீட்டரில் ஊதச்செய்து ஆய்வொன்றை வெளியிட்டார். உயரத்திற்கேற்ப மூச்சின் கொள்ளளவு கூடுவதைக் கண்ட அவர், மக்களைத் தொழில்வாரியாகவே பகுத்திருந்தார். கருவிக்குள் நிறத்தைக் கொணர்ந்தவர், அமெரிக்காவில் அடிமைமுறைக்கு வாதாடிய மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட். கறுப்பினத்தவரின் நுரையீரல் பிறப்பிலேயே குறைபாடுடையது என்றார். 1869இல் பெஞ்சமின் கூல்டு வெளியிட்ட படைவீரர் புள்ளிவிவரங்கள் அதற்கு எண்களின் மதிப்பைத் தந்தன. அடிமை வாழ்வின் கொடுமை அக்கணக்கில் ஏறவில்லை.

பின்னாளில் அதற்கு 'இனத்திருத்தம்' என்று பெயர் வந்தது. சொல்லின் துணிச்சல் வியப்புக்குரியது: பிழையே திருத்தமாயிற்று! கறுப்பினத்தவருக்கு எதிர்பார்க்கும் அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயால் மூச்சு குன்றியவரும், நோயின் கடுமை குறைந்தவராகவே பதிவானார். இனம் பாராத அளவீட்டை அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான்.