சாந்து உதிர்ந்த புத்தர்

புதுருவகலைப் புத்தரில் கல்தச்சனின் பங்கு பாதிதான். மீதி வேலை சாந்து பூசியவருக்கும் வர்ணம் தீட்டியவருக்கும் உரியது.

லுணுகலையில் பஸ் ஏறி பசறை, பதுளை, எல்ல என்று மாறி மாறி வெல்லவாயவுக்கு இறங்கினால் மலைக் குளிர் போய் வெக்கை அடிக்கும். அங்கிருந்து திஸ்ஸமகாராம வீதியில் கொஞ்சம் போய்க் காட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தபோது 51 அடி உயரம் என்பது மட்டுமே மனதில் நின்றது. நாட்டில் பாறையில் செதுக்கிய நின்ற புத்தர்களில் இதுதான் உயரம் என்று சார் சொன்னார், நாங்கள் அண்ணாந்து பார்த்தோம், அவ்வளவுதான்.

வயதான பிறகு மறுபடி போனபோதுதான் வேறொன்று உறைத்தது. இத்தனை பெரிய உருவம் பாறையை விட்டு அதிகம் வெளியே வரவேயில்லை. சுமார் 40 அடி உயர அவுக்கணைப் புத்தரின் அங்கி மடிப்பு ஒவ்வொன்றும் கல்லிலேயே இருக்கிறது. இங்கே தச்சன் மேலோட்டமாகச் செதுக்கி விட்டுவிட்டான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரப் பொம்மைகளைப் போலத்தான்: உள்ளே கூடு, மேலே சுதை, அதன்மேல் வர்ணம். அங்கியில் ஒட்டியிருக்கும் சாந்தும் செம்மஞ்சள் கறையும் அதற்குச் சாட்சி. பக்கத்தில் மகாயானப் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரின் மேனியில் வெள்ளைப் பூச்சு இன்னும் தெரிகிறது.

மொத்தம் ஏழு உருவங்கள், 9 - 10ஆம் நூற்றாண்டு வேலை. அவலோகிதேஸ்வரர் அருகே இடுப்பை ஒடித்து நிற்கிறாள் தாரா. மறுபக்கக் கூட்டத்தில் ஒருவர் கையில் வஜ்ராயுதம். இது தேரவாத நாடு என்று ஒரே வரியில் முடிப்பவர்களை இந்தப் பாறை மறுக்கிறது. மகாயானமும் தாந்திரீக பௌத்தமும் இங்கே நன்றாகவே வேரூன்றியிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தாந்திரீக பௌத்தத் துறவி வஜ்ரபோதி அநுராதபுரத்து அபயகிரியில் தங்கி, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்வழியே சீனா போனார். அந்தப் போக்குவரத்தில் பிறந்த வழிபாடு இது.

பெரிய புத்தரின் காலடியில் சுடர் வடிவில் ஒரு குழி. அதில் கடுகெண்ணெய் மணக்கும் என்று சொல்லி ஆளாளுக்கு விரலை விட்டு முகர்கிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து கையைச் சும்மா வைத்திருங்கள். ஒட்டியிருக்கும் சாந்தே கொஞ்சநஞ்சம்தான்.