சைக்ளோஸ்டைலில் பிறந்த இசை இதழ்

ராக் இசைப் பத்திரிகை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘ரோலிங் ஸ்டோன்’தான். அது வந்தது 1967 நவம்பரில். அதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார் 17 வயது மாணவர் ஒருவர்!

பெயர் பால் வில்லியம்ஸ். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதலாண்டு. அன்றைய இளைஞர் இதழ்களில் பாடகர்களின் படமும் கிசுகிசுவும்தான் அதிகம்; பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. அறிவியல் புனைகதை ரசிகர்களோ, தாங்களே இதழ் நடத்தி, படித்த கதைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். பள்ளி நாட்களிலேயே அப்படி ஓர் இதழ் நடத்தியவர் வில்லியம்ஸ். அதே வழியை இசைக்கும் கொண்டுவந்தார்.

1966 பிப்ரவரியில் ‘க்ராடாடி’ வந்தது. 10 பக்கம், 500 பிரதி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஆரம்பத்தில் வாசித்த இங்கிலாந்து கிளப் ஒன்றின் பெயர் அது. வடிவமைப்பு? மெழுகுத்தாளில் டைப் அடித்து, மை உருளையில் சுற்றி எடுப்பதுதான். அந்த முறையில் புகைப்படம் சரியாக விழாது. ஆகவே எழுத்து மட்டுமே வாசகரைப் பிடித்து வைக்க வேண்டும்.

பிடித்தது. தன் ஆல்பத்தின் விமர்சனத்தைப் படித்த பால் சைமன், விடுதிக்கே போன் செய்து பாராட்டினார்.

பிறகு வில்லியம்ஸ் இதழுக்காகக் கல்லூரியையே விட்டார். 1968-ல் இதழையும் விட்டார். 2013-ல் காலமானார். ஆனால் பாட்டையும் இலக்கியம் போல அலசலாம் என்று அந்தப் பத்துப் பக்கங்கள் காட்டிய வழியில்தான் பிறகு வந்த பெரிய இதழ்கள் நடந்தன.

ஒரு இதழ் தொடங்கப் பணமும் பளபளப்பும் வேண்டுமா, சொல்ல ஒரு விஷயம் வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.